ஹோல்கா: இன்பமும் இம்சையும் (பிளாஸ்டிக் கேமராவில் ஃபிலிம் ஓட்டுபவர்கள் இங்கே வரவும்)

#1 வெயிலோன், தூத்துக்குடி

பொம்மைக் கேமரா என்றதும் நம் குழுமத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. "அதில் உயிர் இருக்கிறது" என்று உருகுகிறவர் ஒரு பக்கம். "காசைக் கரியாக்கும் டப்பா" என்று முகம் சுளிப்பவர் மறுபக்கம். அந்த டப்பாவால் எது முடியும், எது முடியாது என்று வெளிச்சக் கணக்கோடு பேசியவரை நான் பார்க்கவில்லை. ஆகவே இந்த இழை.

என்னிடம் இருப்பது ஹோல்கா 120என். ஓடுவது 120 எனப்படும் அகலமான ஃபிலிம் ரோல். உள்ளே மாட்டும் சட்டத்தைப் பொறுத்துச் சதுரமாகப் பன்னிரண்டு படம், அல்லது செவ்வகமாகப் பதினாறு. 60 மில்லிமீட்டர் லென்ஸ், அதுவும் ஒற்றை பிளாஸ்டிக் வில்லை. ஷட்டருக்கு ஒரே வேகம், ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று சித்திரம் போட்ட ஸ்விட்ச். தூரம் வைப்பதற்கு லென்ஸ் வளையத்தில் நான்கு பொம்மை: ஓர் ஆள், ஒரு குடும்பம், ஒரு கூட்டம், ஒரு மலை. பேட்டரி இல்லை, வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லை. கையில் எடுத்தால் சோப்பு டப்பாவின் கனம்தான்.

நடுப்பகலில் உப்பளத்தில் எடுத்த படம் ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் உப்புக் குவியல். அதன் மேல் சாய்த்து வைத்திருந்த உப்பு வாரும் பலகையின் மரரேகை வரை தெரிகிறது. அங்கிருந்து ஓரத்துக்குப் போகப்போகப் பாத்தி வரப்புகள் இழுபட்டு மங்குகின்றன. நான்கு மூலையிலும் இருட்டு இறங்கியிருக்கிறது. அதே இடத்தை டிஜிட்டலில் எடுத்தபோது அடிவானம் வரை எல்லாமே ஒரே கூர்மை. உப்பு, வானம், மின்கம்பம் மூன்றும் சம உரிமை கேட்டு நின்றன. எனக்கு வேண்டியது உப்பும் பலகையும்தான்.

குறையெல்லாம் கலை என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் குறை எங்கே வரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதற்கேற்றபடி நின்று எடுத்தால் இது வேலைக்கு ஆகும் கேமரா. மறுப்பவர்கள் வரலாம்.

#2 கணக்குப்பிள்ளை, கோவை

வந்துவிட்டேன்.

வண்ண ரோல் ஆயிரம் ரூபாயைத் தாண்டி நிற்கிறது. டெவலப், ஸ்கேன், கூரியர் போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் சதுரப் படம் ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாயை நெருங்கிவிடும். அதில் பாதி ஆடியிருக்கும், கால்வாசி வெளுத்திருக்கும். மிச்சத்தை "கனவு போல இருக்கிறது" என்று நாமே பாராட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூலையைக் கறுப்பாக்கிக் காட்டும் செயலி கைப்பேசியில் இலவசமாகவே இருக்கிறது. இதைவிட அந்தக் காசுக்கு நல்ல பழைய கண்ணாடி லென்ஸ் கேமராவே கிடைக்கும். யாஷிகா, பென்டாக்ஸ் என்று எத்தனை இல்லை?

#3 நீலாங்கரை

கணக்குப்பிள்ளை சொல்லும் செயலிகளே ஹோல்காவின் பேரப்பிள்ளைகள்தான். இன்ஸ்டகிராமை உருவாக்கியவர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரம் மாணவராக ஃபுளோரன்ஸில் படித்தபோது, ஆசிரியர் அவருடைய நல்ல கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு ஹோல்காவைக் கொடுத்தார். 2010இல் அந்தச் செயலி வெளிவந்தபோது இருந்த சதுரச் சட்டமும் வண்ண வடிகட்டிகளும் அங்கே விழுந்த விதை.

ஆனால் செயலி எல்லாப் படத்துக்கும் ஒரே சாயத்தைப் பூசுகிறது. எடுத்த பிறகு பூசுகிறது. ஹோல்காவில் நான் ஆளை நடுவில் நிறுத்தினால் முகம் தெளியும், ஓரத்தில் நிறுத்தினால் கரையும். ஷட்டரைத் தட்டும் முன்பே அதை நான் முடிவு செய்தாக வேண்டும். திரையில் பார்த்து விரலால் தள்ளிப் பார்க்கும் சலுகை இல்லை.

இன்னொரு சுகமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தப் பத்திரிகை என்றுதான் முதல் கேள்வி. ஹோல்காவோடு போனால் ஏலம் கூறும் அம்மாவே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். குழந்தையின் விளையாட்டுச் சாமானா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, திரும்பி வஞ்சிரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறார். அதன்பின் என்னை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த அலட்சியத்தை எந்த யாஷிகாவும் எனக்கு வாங்கித் தரவில்லை.

#4 கண்ணாடிவில்லை, பெங்களூரு

"பிளாஸ்டிக் லென்ஸ், அதனால் மங்கல்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதைத் தட்டிக்கொண்டிருக்கும் உங்கள் கைப்பேசியின் கேமராவுக்குள் இருப்பவையும் பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஐந்து, ஆறு, ஏழு என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றும் கோள வடிவம் அல்லாத சிக்கலான வளைவில் அச்சில் வார்த்தது. ஒன்று செய்யும் பிழையை அடுத்தது திருத்தும். நல்ல அக்ரிலிக் பிளாஸ்டிக் மட்டமான பொருள் அல்ல.

ஹோல்காவின் மங்கலுக்குக் காரணம் அதில் ஒரே ஒரு வில்லை இருப்பது. பிழையைத் திருத்த இரண்டாவது ஆள் இல்லை. ஒற்றை வில்லை தட்டையான பிம்பத்தைத் தராது, கிண்ணம் போல் வளைந்த பிம்பத்தைத் தரும். ஃபிலிமோ தட்டையாகக் கிடக்கிறது. நடுவில் இரண்டும் ஒட்டுகின்றன, ஓரத்தில் விலகுகின்றன. வெயிலோனின் வரப்புகள் இழுபட்டது இதனால்தான். வண்ண ஃபிலிமில் ஓரத்து வெள்ளைப் பொருள்களுக்குச் சிவப்பும் நீலமும் கரை கட்டுவதும் ஒற்றை வில்லையின் வேலை. மூலை இருட்டு தனிக் கதை. அந்த லென்ஸ் வீசும் ஒளிவட்டம் சதுரச் சட்டத்தின் மூலை வரை வலுவாக எட்டுவதில்லை. பதினாறு படச் சட்டத்தைப் போட்டால் ஓரம் வெட்டுப்பட்டு இருட்டு வெகுவாகக் குறைந்துவிடும். மூலை இருட்டுப் பிடிக்காதவர்கள் கேமராவை மாற்ற வேண்டாம், சட்டத்தை மாற்றுங்கள்.

இந்த வடிவமைப்பு புதிதும் அல்ல. ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் குழிந்த ஒற்றை வில்லையையும் அதன் அருகே சிறு துளையையும் வைத்தால் ஓரங்கள் ஓரளவு தேறும் என்று 1812இலேயே வொல்லாஸ்டன் காட்டிவிட்டார். அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. பயன்படுத்திவிட்டு எறியும் கேமராக்களில் இன்னொரு தந்திரம் செய்கிறார்கள். லென்ஸை மாற்றாமல், ஃபிலிம் படுக்கும் தளத்தையே வளைத்துவிடுகிறார்கள். பிம்பம் வளைந்தால் ஃபிலிமும் வளையட்டும் என்ற கணக்கு. ஹோல்காவைவிட அவற்றில் ஓரம் தெளிவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். அந்த மூளைக்கு நான் ரசிகன்.

#5 புதுவரவு, திருச்சி

வணக்கம். ஹோல்காவைக் கல்லூரி சீனியர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறேன். எந்த ஃபிலிம் போடுவது? ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 100ஆ, 400ஆ? வெயில் ஸ்விட்சைத் திருப்பினால் ஏதும் மாறுவது போலத் தெரியவில்லை, கெட்டுப்போய்விட்டதா? லோமோ என்பதும் இதே வகைதானா?

#6 வெயிலோன்

தம்பி, ஸ்விட்ச் கெடவில்லை. பழைய ஹோல்காக்கள் பலவற்றில் அது வெறும் அலங்காரம். திருப்பினால் உள்ளே ஒரு தகடு நகரும். ஆனால் தகட்டிலுள்ள ஓட்டை, அதன் பின்னாலுள்ள நிலையான ஓட்டையைவிடப் பெரியது. ஆகவே எங்கே வைத்தாலும் ஒரே துளைதான். எஃப்/8, எஃப்/11 என்று சொல்லப்பட்டாலும் (எண் கூடக்கூடத் துளை சிறிது) உண்மையில் எஃப்/13 அளவுக்குத்தான் வரும். பின்னாளில் வந்தவற்றில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். முதுகைக் கழற்றி, ஷட்டரை பி நிலையில் (விரலை எடுக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைத் திருப்பிப் பார். ஓட்டை சுருங்கினால் உனக்கு யோகம்.

இனி ஃபிலிம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு எஃப்/16, நூறில் ஒரு வினாடி என்பது பழைய பாடம். உன் கேமரா எஃப்/13, நூறில் ஒன்று. பொருத்தம் கச்சிதம். நம் ஊர் மார்ச் முதல் ஜூன் வரை, காலை எட்டரை தொடங்கி மாலை நான்கு வரை, வெட்டவெளியில் 100 போதும். ஆனால் வேப்பமர நிழலுக்குள் ஒதுங்கியவுடன் இரண்டு மூன்று ஸ்டாப் விழும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). படம் சோகை பிடித்துவிடும்.

அதனால் நான் எப்போதும் 400 போடுகிறேன். இல்ஃபோர்ட் எச்பி5, இல்லையென்றால் அதைவிட மலிவான கென்ட்மியர். வெயிலில் மூன்று ஸ்டாப் வரை கூடுதலாக ஒளி விழும். நெகட்டிவ் அடர்த்தியாக வரும், ஆனால் தாங்கிக்கொள்ளும். நிழலிலும் மப்பு வானத்திலும் சரியாக இருக்கும். ஸ்லைடு ஃபிலிமை மட்டும் தயவுசெய்து தொடாதே. அரை ஸ்டாப் பிசகினாலும் கோபித்துக்கொள்ளும் பொருள் அது. ஒரே வேகம் உள்ள கேமராவில் அதைப் போடுவது வீண் வீம்பு.

எல்லை எங்கே என்பதையும் கேட்டுக்கொள். 400 ஃபிலிமோடு வீட்டுக்குள் எடுத்தால் வெளிச்சம் ஐந்தாறு ஸ்டாப் குறையும். கல்யாண மண்டபத்திலும் அதே கதை. கூடுதல் நேரம் டெவலப் செய்து 400ஐ 1600ஆகத் தள்ளினாலும் இரண்டு ஸ்டாப்தான் மீளும். சூரியன் மறைந்த சற்று நேரத்துக்கு அது உதவும், குழல்விளக்குக்கு உதவாது. கோயில் பிராகாரத்தில் வானம் பார்த்த முற்றம் வரை ஹோல்காவுக்கு எல்லை. கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பையில் போட்டுவிடு.

லோமோவைப் பற்றி வில்லைக்காரர் சொல்லுவார்.

#7 கண்ணாடிவில்லை

லோமோ எல்சி-ஏ பொம்மை அல்ல. 1980களில் லெனின்கிராடில் தயாரானது. கண்ணாடி லென்ஸ், 32 மில்லிமீட்டர், எஃப்/2.8, தானாக வெளிச்சம் அளந்துகொள்ளும். அதன்மேல் காதல்கொண்ட வியன்னா இளைஞர்கள் 1992இல் லோமோகிராஃபி என்று ஒரு சங்கம் கட்டினார்கள். அதே நிறுவனம்தான் பிறகு 2007இல் டயானா என்ற பழைய பிளாஸ்டிக் கேமராவை டயானா எஃப்+ என்று மறுபடி வார்த்தது. பெயர் குழம்பியதற்கு அதுதான் காரணம்.

#8 இருட்டறைவாசி, மதுரை

ஸ்டூடியோ நடத்திக் கடையை மூடியவன் நான். இளைஞர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன், கைகள் அரித்தன.

முதலில் ஒன்று. இந்தக் கேமராக்களைச் செய்தவர்கள் யாரும் கலைக்காகச் செய்யவில்லை. டயானா 1960களில் ஹாங்காங்கின் கவுலூனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மலிவு விலைக்கென்று வார்த்தது. ஹோல்காவும் ஹாங்காங்தான், 1982. சீனத்துச் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் ஒரு கேமரா என்பது நோக்கம். அங்கே அப்போது எளிதில் கிடைத்தது 120 ரோல், அதனால் 120. சீக்கிரமே 35 மில்லிமீட்டர் ஃபிலிம் வந்து அந்தச் சந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகுதான் மேல்நாட்டுப் புகைப்பட மாணவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள்.

நம் நாட்டில் அந்த இடத்தில் இருந்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. அதிலும் 120 ரோல், பன்னிரண்டு சதுரப் படம். கொடைக்கானல் போய் வந்த குடும்பங்கள் திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து நீட்டுவார்கள். பல ரோல்கள் ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் போட்ட 'இந்து' கறுப்பு வெள்ளை. அந்தக் கிளிக் கேமராப் படங்களை யாரும் மங்கல் என்று குறை சொன்னதில்லை. ஏன் தெரியுமா? நெகட்டிவைத் தாளின்மேல் அப்படியே ஒட்டி வைத்து, அதே அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவோம். உள்ளங்கைக்குள் அடங்கும் படத்தில் எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். நீங்கள் ஸ்கேன் செய்து கணினித் திரை முழுவதும் விரித்து வைத்துக்கொண்டு, ஒன்று உருகுகிறீர்கள் அல்லது திட்டுகிறீர்கள். இரண்டும் அந்தக் கேமராவுக்கு அநியாயம்.

இரண்டாவது, ஒளிக்கசிவு. படத்தின் குறுக்கே ஆரஞ்சுக் கோடு விழுந்தால் "அதிர்ஷ்டம்" என்று போடுகிறார்கள். அது கேமராவின் குணம் கூட அல்ல, மூடியின் இடுக்கு. முதுகு மூடும் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் தீர்ந்தது. இரண்டு பக்கத் தகரக் கிளிப்பையும் சேர்த்து ஒட்டுங்கள். தோள்வாரை அந்தக் கிளிப்பிலேயே மாட்டும்படி அமைத்திருக்கிறார்கள். நடக்க நடக்கக் கேமராவின் கனமே கிளிப்பை மேலே இழுக்கும். ஒரு கட்டத்தில் முதுகு கழன்று கீழே விழும், ரோல் மொத்தமும் போகும். இதை வரைந்த மகானைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

சிவப்புச் சன்னலையும் மூடி வையுங்கள். அது கிளிக் கேமரா காலத்துக்கும் முந்தைய ஏற்பாடு. அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்புக் கண்ணாடி வழியே எண்ணைப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். டேப் துண்டு ஒன்றின் ஓரத்தை மடித்து ஒட்டி வைத்துக்கொண்டு, ரோலைச் சுற்றும்போது மட்டும், உங்கள் உடல் நிழலில் வைத்துத் திறந்து எண்ணைப் பாருங்கள்.

#9 நீலாங்கரை

> அது கேமராவின் குணம் கூட அல்ல, மூடியின் இடுக்கு

ஐயா, டேப் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஒளிக்கசிவை நம்பிப் படம் எடுப்பவர் படம் எடுக்கவில்லை, லாட்டரிச் சீட்டு வாங்குகிறார்.

ஆனால் இரட்டைப் பதிவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹோல்காவில் ஷட்டருக்கும் ரோல் சுற்றும் குமிழுக்கும் தொடர்பே இல்லை. சுற்றாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். விலை உயர்ந்த கேமராக்கள் இதைப் பூட்டி வைத்திருக்கின்றன. நான் முதலில் கரையில் காயும் வலையை இருட்டுப் பின்னணியில் பதிவேன். பிறகு சுற்றாமல் அதே சட்டத்தில் ஒரு முகம். வலையின் கண்கள் முகத்தின் நிழல் விழுந்த பாகத்தில் மட்டும் துலங்கும், வெளிச்சம் பட்ட கன்னத்தில் காணாமல் போகும். முதலில் எங்கே இருட்டை மிச்சம் வைத்தோமோ அங்கேதான் இரண்டாவது படம் உட்காரும் என்பது பிடிபட்டுவிட்டால் இது தற்செயல் இல்லை. 400 ஃபிலிமில் இரண்டு முறையும் வெயிலில் தட்டினால் நெகட்டிவ் கறுத்துப் போகும், அதனால் இதற்கு மட்டும் நான் 100 போடுகிறேன்.

பாதி மட்டும் சுற்றி அடுத்த படத்தை எடுத்தால் சட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து நீளப் படமாகும். ஏலக்கூடத்தை அப்படித்தான் எடுக்கிறேன். எண்ணைப் பார்க்கத் தேவையில்லை, குமிழின் "டிக் டிக்" ஒலியை எண்ணினால் போதும்.

புதுவரவு, உனக்கு ஒரு எச்சரிக்கை. லென்ஸுக்கு அடியில் என், பி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பையில் உரசி அது பி பக்கம் போய்விடும். போனால் விரலை எடுக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும், ரோல் முழுக்க ஆட்டம். எடுக்கும் முன் விரலால் ஒருமுறை தடவிப் பார். லென்ஸ் மூடியைத் தூக்கிப் போட்டுவிடு. வியூஃபைண்டர் தனி ஓட்டை, மூடி போட்டிருந்தாலும் உலகம் அழகாகத் தெரியும்.

#10 பனிக்காலம், டொராண்டோ

தூத்துக்குடிக்காரருக்கு வெயில் இலவசம், பேசுவார். இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. பகலும் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை ஹோல்கா எனக்கு மூன்று விதத்தில்தான் பயன்படுகிறது. பனி மூடிய பூங்காவில் தெளிந்த பகல், அதில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அடுத்தது பி நிலையில் முக்காலி. தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் மாட்ட இடமில்லாததால் நெம்புகோலை விரலால் பிடித்தபடி நிற்க வேண்டும், முக்காலி இருந்தும் ஆடும். ஆடினாலும் பாதகமில்லாத தெருவிளக்கு, கார் வெளிச்சம் போன்றவைதான் அதற்கு ஏற்றவை.

மூன்றாவது ஃபிளாஷ். மேலே மாட்ட இடம் இருக்கிறது, மலிவான ஃபிளாஷே போதும். ஸ்கார்பரோவில் உறவினர் வீட்டுப் பிறந்தநாளில் கேக் வெட்டும் குழந்தையை இரண்டு மீட்டரில், குடும்பச் சித்திரத்தில் வளையத்தை வைத்து எடுத்தால் முகங்கள் தெளிவாக வருகின்றன. பின்சுவர் இருட்டில் மறைகிறது, அலங்காரத் தோரணக் குப்பையும் மறைகிறது. அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

தூரம் வைக்கும் வளையத்தைப் பற்றி ஒன்று. ஓர் ஆள் ஒரு மீட்டர், குடும்பம் இரண்டு மீட்டர், கூட்டம் ஆறு மீட்டர், மலை பத்து மீட்டர் முதல் அடிவானம் வரை. இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. மூன்று மீட்டரில் நிற்கும் ஆளை எடுக்க வேண்டுமானால் நான் ஒரு மீட்டர் முன்னே போய்விடுவேன்.

#11 கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. இவ்வளவு சடங்கும் செய்து இந்த டப்பாவில் உருப்படியாக யாராவது, அதாவது பிழைப்புக்குப் படம் எடுக்கிறவர் யாராவது, ஏதாவது எடுத்திருக்கிறாரா? பெயர் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

#12 இருட்டறைவாசி

சொல்கிறேன். டேவிட் பர்னெட், செய்திப் புகைப்படக்காரர். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் அல் கோரை அவர் ஹோல்காவில் எடுத்த படம், வெள்ளை மாளிகைச் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் போட்டியில் பரிசு வாங்கியது. அதற்கு முன்பே, 1970களில், நான்சி ரெக்ஸ்ரோத் ஒஹையோவின் சிற்றூர்களை டயானாவில் எடுத்தார். வெள்ளையடித்த மரவீடுகள், முற்றங்கள், தன் குடும்பத்தார். 1977இல் அவை புத்தகமாயின. நிலக்காட்சிக்குப் பெயர்பெற்ற மைக்கேல் கென்னாவும் ஹோல்காவில் எடுத்தவர்.

ஆனால் கணக்குப்பிள்ளைக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். இவர்கள் யாரும் கேமரா தெரியாமல் இதை எடுத்தவர்கள் அல்லர். பர்னெட்டின் படத்தைப் பாருங்கள். பேசுகிறவர் எங்கே இருக்க வேண்டும், எது கரைய வேண்டும் என்பது தெரிந்துதான் நின்றிருக்கிறார். அந்த இடத்தில் நிற்கத் தெரியாதவனுக்கு மூலை இருட்டு கைகொடுக்காது. இங்கே பலர் வெற்றுச் சுவரையும் சைக்கிளையும் எடுத்துப் போட்டுவிட்டு ஹோல்கா என்று குறிச்சொல் ஒட்டுகிறார்கள். கண்ணாடி லென்ஸில் எடுத்திருந்தால் அந்தச் சைக்கிளை அவர்களே அழித்திருப்பார்கள்.

#13 கணக்குப்பிள்ளை

பெயர் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். நூற்றைம்பது ரூபாய்க் கணக்கை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

#14 நீலாங்கரை

காசைப் பற்றிப் பேசும்போது லேபைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். என் நீளப் படங்கள் இருந்த ரோல் ஒன்றை ஒரு லேபுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காததால் அளவுகோல் வைத்தது போல் சமமாகக் கத்தரித்துவிட்டார்கள். ஏலம் கூறும் அம்மாவின் தலை ஒரு துண்டில், நீட்டிய கை அடுத்த துண்டில். இன்னொரு லேப் சதுரங்களை எல்லாம் செவ்வகமாக வெட்டி, மூலை இருட்டையும் "சரிசெய்து" வெளுப்பாக்கி ஸ்கேன் அனுப்பியது. கேட்டால், படம் குறையுள்ளதாக இருந்தது, திருத்தினோம் என்று பெருமையாகப் பதில்.

அதன்பின் உறையின் மேலேயே தடித்த எழுத்தில் எழுதி அனுப்புகிறேன்: வெட்ட வேண்டாம், சட்டம் முழுவதும் ஸ்கேன் வேண்டும், வெளிச்சத்தைத் திருத்த வேண்டாம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவத் தொடங்கிவிட்டேன். டேங்க், தெர்மாமீட்டர், மூன்று ரசாயனம், இருட்டுப் பை போதும். சென்னைக் குழாய்த் தண்ணீரின் சூட்டுக்கு ஐஸ் கட்டியும் வேண்டும்.

#15 வெயிலோன்

இதற்காகத்தான் நான் கறுப்பு வெள்ளையை விட்டு நகர்வதில்லை. வீட்டில் கழுவினால் கணக்குப்பிள்ளையின் நூற்றைம்பதும் பாதிக்குக் கீழே இறங்கும். ஹோல்காவே 2015இல் நின்றுபோய், அச்சுகளும் போய்விட்டன என்று செய்தி வந்து, 2017இல் மறுபடி உயிர்பெற்ற கேமரா. பத்திரமாகவே வைத்திருக்கிறேன்.

#16 புதுவரவு

அனைவருக்கும் நன்றி. கொள்ளிடப் பாலத்தில் 400 போட்டு எடுத்தேன், நெகட்டிவ் லேபில் இருக்கிறது. அதற்குள் இரண்டு சந்தேகம். ஒன்று, நண்பன் கோடாக் எக்டர் எச்35 வாங்கச் சொல்கிறான், ஒரு ரோலில் எழுபத்திரண்டு படமாம். ஹோல்காவுக்குப் பதில் அது தேவலையா? இரண்டு, ரோல் முடிந்து முதுகைத் திறந்தபோது சுற்று தளர்ந்து உப்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் வெளிச்சம் ஏறியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

#17 கண்ணாடிவில்லை

எச்35 என்பது 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் பாதிச் சட்டம். 22 மில்லிமீட்டர், எஃப்/9.5, இரண்டு அக்ரிலிக் வில்லை, நூறில் ஒரு வினாடி. வில்லை இரண்டு இருப்பதால் ஓரம் ஹோல்காவைவிட ஒழுங்கு. செலவும் குறைவு, 35 மில்லிமீட்டர் கழுவும் லேப்களும் அதிகம். ஆனால் படம் சிறிய தபால்தலை அளவுதான், பெரிதாக்கினால் மணல் தெரியும். தினமும் சட்டைப்பையில் வைத்துச் சுற்ற அது. நடுவில் ஒன்றை நிறுத்தி மற்றதைக் கரைக்க இது.

#18 இருட்டறைவாசி

தம்பி, இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில். ஹோல்காவில் ரோல் உட்காரும் அறைகளில் சிறு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். ரோலை அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்றவைப்பது அதன் வேலை. பழைய கேமராவில் அது பொடிந்து உதிர்ந்திருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே போய்விடும். முதுகைக் கழற்றி விரலை விட்டுப் பார். இல்லையென்றால் தீப்பெட்டி அட்டையை இரண்டாக மடித்து, புது ரோல் உட்காரும் பக்கத்தில் ரோலுக்கு அடியில் சொருகு. குமிழைத் திருகும்போது லேசாக எதிர்ப்புத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. அட்டைத்தூள் ஃபிலிமில் விழாமல் ஓரத்தை டேப்பால் ஒட்டிவிடு.

ரோல் முடிந்ததும் வெட்டவெளியில் திறக்காதே. வீட்டுக்குள் இருட்டான மூலைக்குப் போ. திறந்தவுடன் கட்டைவிரலால் சுற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டே எடுத்து, தாளை இறுக்கி இழுத்துப் பசைப்பட்டையை ஒட்டு. உடனே கறுப்புப் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ரப்பர் பேண்ட். நீ எடுத்தது 400 என்பதால் ஓரத்தில் கொஞ்சம் புகை படிந்திருக்கலாம், நடுவில் இருக்கும் பாலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்கேன் வந்ததும் இங்கே போடு, நெகட்டிவின் விளிம்பும் தெரியும்படி.